வளைவுக்கு அந்தப் பக்கம் யார்?

இருவழிச் சாலையில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தவர்களுக்கு அந்த வலது இண்டிகேட்டரைத் தெரியும். சில டிரைவர்கள் அதைப் போட்டால் 'எதிரே வண்டி இல்லை, ஏறிப் போ' என்று பொருள். வேறு சிலர் போட்டால் 'நான் வலப்பக்கம் திரும்பப் போகிறேன்' என்று பொருள். எது என்று முடிவெடுக்க உங்களுக்கு ஒரு விநாடிதான் கிடைக்கும். கிளீனர் கையை வெளியே நீட்டி 'வா வா' என்று அசைத்தால் கொஞ்சம் தைரியம் வரும். இப்போது பல லாரிகளில் கிளீனரே கிடையாது.

ஹெட்லைட்டும் இப்படித்தான். டிம்-பிரைட் அடித்தால் நம் ஊரில் 'நான் வருகிறேன், ஒதுங்கு'. பிரிட்டனில் பெரும்பாலும் 'நீங்கள் போங்கள், நான் நிற்கிறேன்'. லண்டனில் ஓட்டிப் பழகியவர் விழுப்புரம் பக்கம் வந்து இதை நம்பினால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை.

வண்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது புதிதல்ல, ஆனால் ஆளுக்கு ஆள் பொருள் மாறும் பேச்சு அது. இதை ரேடியோவில் ஏற்றி, உலகம் முழுக்க ஒரே பொருள் தரும்படி செய்ய முடியுமா என்று 25 ஆண்டுகளுக்கு மேலாக முயன்றுகொண்டிருக்கிறார்கள். வி-டு-வி என்று சொல்வது இதைத்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு வண்டியும் விநாடிக்கு 10 முறை தன்னைப் பற்றிய ஒரு சின்னத் தகவலைச் சுற்றிலும் அனுப்புகிறது: எங்கே இருக்கிறேன், என்ன வேகம், எந்தத் திசை, பிரேக் அழுத்தப்பட்டிருக்கிறதா. சுமார் 300 மீட்டர் தூரத்துக்குள் உள்ள வண்டிகள் அதைக் கேட்டு, மோதும் வாய்ப்பு இருந்தால் தங்கள் டிரைவரை எச்சரிக்கின்றன. நடுவில் செல்போன் கோபுரம் இல்லை, சிம் கார்டு இல்லை, ரீசார்ஜ் இல்லை. அனுப்பிய வண்டி எது என்று யாரும் பின்தொடராமலிருக்க, அதன் அடையாளச் சான்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும்.

காரில் கேமராவும் ரேடாரும் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். ஒரு பனிக்கால விடியலில் நாற்கரச் சாலையை நினைத்துப் பாருங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் ஓடுகிறது. முன்னால் சிவப்பு விளக்கைப் பார்த்துக் காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்று முதல் ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள்ளேயே 30, 40 மீட்டர் போய்விடும். இது ஒரு வண்டியின் கணக்கு. வரிசையில் முதல் வண்டி திடீரென்று நிற்க, இரண்டாவது அதைப் பார்த்து அழுத்த, மூன்றாவது இரண்டாவதைப் பார்த்து அழுத்த, நடுவில் ஒரு கன்டெய்னர் லாரி மறைத்துக்கொண்டு போனால் ஐந்தாவது வண்டி பிரேக் அழுத்துவதற்குள் நாலு பேரின் தாமதமும் கூடிவிடும். பத்துப் பதினைந்து வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் படங்கள் நாளிதழில் வருவது இதனால்தான். கேமராவால் லாரியைத் துளைத்துப் பார்க்க முடியாது. ரேடியோ இருந்தால் முதல் வண்டி பிரேக் அழுத்தியதை மற்ற நாலு பேரும் ஒரே நேரத்தில் அறிவார்கள். குறுக்குச் சாலையில் சுவருக்கு அந்தப் பக்கம் வேகமாக வருகிற வண்டியும், வளைவைத் தாண்டி நின்றுபோன வண்டியும் அப்படியே தெரியவரும்.

பிறகு ஏன் நம் கையில் இது இல்லை? அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். 1999-இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் 5.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் போக்குவரத்துக்கென்று ஒதுக்கியது. வைஃபையின் உறவுக்காரரான 802.11p என்ற தரம் 2010-இல் வந்தது. 2012-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் ஏறக்குறைய 2,800 வண்டிகளில் கருவியைப் பொருத்தித் தெருவில் ஓட்டிப் பார்த்தார்கள். குறுக்குச் சாலை எச்சரிக்கை, இடப்பக்கம் திரும்பும்போது எச்சரிக்கை (அவர்களுக்கு அதுதான் எதிர்வண்டியைக் குறுக்கிடும் பக்கம்) என்ற இரண்டே வசதிகளால் ஆண்டுக்கு அதிகபட்சம் 1,083 உயிர்களைக் காக்கலாம் என்று சாலைப் பாதுகாப்புத் துறை 2014-இல் மதிப்பிட்டது. 2016 டிசம்பரில், புதிய கார்கள் எல்லாவற்றிலும் இதைக் கட்டாயமாக்கும் வரைவு விதி வந்தது.

அதோடு சரி. ஆட்சி மாறியது, விதி கிடப்பில் விழுந்தது, 2023-இல் முறைப்படி திரும்பப் பெறப்பட்டது. அதற்குள், கைபேசித் தொழில்நுட்பத்திலிருந்து வந்த சி-வி-டு-எக்ஸ் என்ற போட்டியாளர் களத்தில் இறங்கி, எந்த ரேடியோ என்பதே சண்டையாகிவிட்டது. 2020 நவம்பரில் ஆணையம் பொறுமை இழந்து, 75-இல் 45 மெகாஹெர்ட்ஸை வீட்டு வைஃபைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் 30-ஐப் புதிய போட்டியாளருக்கு வைத்தது. ஐரோப்பாவிலும் இதே இழுபறி, 2019-இல் அங்கே வந்த விதியை உறுப்பு நாடுகள் நிராகரித்தன. சீனா மட்டும் ஆரம்பத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்து வேலையைத் தொடங்கியது.

ரேடியோச் சண்டை ஒரு சாக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. அடியில் இருப்பது எளிய பெருக்கல் கணக்கு. சாலையில் பத்தில் ஒரு வண்டியில் கருவி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளிலும் அது இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. மீதி 99 சந்திப்புகளில் கருவி ஊமை. ஏர்பேக் வாங்கினால் வாங்கிய அன்றே அது எனக்கு உதவும், பக்கத்து வண்டிக்காரர் வாங்கினாரா என்று பார்க்க வேண்டியதில்லை. இது அப்படியல்ல, முதலில் வாங்குகிறவர் ஏமாளி. 2017-இல் ஒரு கேடிலாக் மாடலில் இதைப் பொருத்தி விற்றார்கள். அந்தக் கார் யாரோடு பேசியிருக்கும்? அதே மாடலை வாங்கிய இன்னொருவர் எதிரே வந்தால் அவரோடு.

ஆகவே அரசு கட்டாயப்படுத்தாமல் இது நடக்காது. கட்டாயப்படுத்த நம் அரசுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஃபாஸ்டேக் என்பதும் ஒரு ரேடியோதான். 2021 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவோடு அதைக் கட்டாயமாக்கி, இல்லாதவருக்கு இரட்டைக் கட்டணம் என்றார்கள். கண்ணாடிக்குக் கண்ணாடி ஸ்டிக்கர் ஏறிவிட்டது. பேட்டரி இல்லாத அந்தச் சில்லு, சுங்கச்சாவடி கேட்டால் மட்டும் பதில் சொல்லும்; பக்கத்து வண்டியோடு பேசாது. காசு வசூலிக்க ஒரு ரேடியோவை நாடு முழுக்க ஒட்ட முடிந்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுங்கச்சாவடியில் இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் இல்லை, அதனால் ஸ்டிக்கரும் இல்லை. ஸ்கூட்டர்காரனான எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 100-க்கு 44-க்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. மேல்நாட்டில் இந்த யோசனை காருக்கும் காருக்கும் என்று பிறந்தது. அதை அப்படியே இறக்கினால், கார்கள் தங்களுக்குள் நலம் விசாரித்துக்கொண்டே போகும், நடுவில் பால் கேன் கட்டிய மொபெட்டை யாருக்கும் தெரியாது.

பைக்கிலும் பொருத்திவிடலாமே என்றால் பல சிக்கல்கள் உண்டு. பிஎம்டபிள்யூ, ஹோண்டா, யமஹா சேர்ந்து இதற்கென்றே ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. அவர்கள் மனதில் இருப்பது பெரிய பைக்குகள். நம் ஊர்ச் சந்திப்பில் மாலை ஆறு மணிக்குப் பச்சை விளக்குக்காக இருநூறு வண்டிகள் முக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றும் விநாடிக்கு 10 தகவல் வீசினால் அலைவரிசையே நெரிசலில் நின்றுவிடும். நெரிசல் கூடினால் தகவலைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு தரத்திலேயே இருக்கிறது, சரி. ஆனால் பக்கத்து வண்டி ஒரு முழ தூரத்தில் இருப்பதையே ஆபத்து என்று கருவி கத்தத் தொடங்கினால், இரண்டாம் நாள் அதன் வயரைப் பிடுங்கிவிடுவோம். ஐந்து மீட்டர் முன்பின் காட்டும் கைபேசி ஜிபிஎஸ்ஸை நம்பினால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரும் நடுரோட்டில் தெரிவார்.

விலை வேறு. 2019 ஏப்ரலில் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானபோது, அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு அதைவிட மலிவான கூட்டு பிரேக் போதும் என்று விட்டார்கள். நாட்டில் அதிகம் ஓடுவது அந்தக் கீழ்வரிசைதான்.

என் யோசனை வேறு முனையிலிருந்து தொடங்குகிறது. எல்லோரும் பேச வேண்டியதில்லை. முதலில் பேருந்தும் லாரியும் பேசட்டும். நம் அரசுப் போக்குவரத்துக் கழகங்களிடம் சுமார் 20 ஆயிரம் பேருந்துகள் இருக்கின்றன. ஏஐஎஸ்-140 விதிப்படி 2019 முதல் புதிய பொதுப் போக்குவரத்து வண்டிகளில் இருப்பிடம் காட்டும் பெட்டியும் அவசர பட்டனும் கட்டாயம். அந்தப் பெட்டிக்கு வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியும், ஆனால் அதை எங்கோ இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்கிறதே தவிர, பின்னால் வருகிற என்னிடம் சொல்வதில்லை. இருப்பிடக் கணக்கை இன்னும் கூர்மையாக்கி, சுற்றிலும் ஒலிபரப்பும் ஒரு ரேடியோவைச் சேர்த்தால், ஸ்கூட்டரில் கேட்கும் கருவி மட்டும் போதும். கேட்கிற கருவி எதையும் அனுப்பாததால் அலைவரிசையும் நெரியாது, நான் எங்கே போனேன் என்று யாரும் பார்க்கவும் முடியாது. இரண்டு கருவியும் சந்திக்க வேண்டும் என்ற பெருக்கல் கணக்கும் உடைகிறது: வாங்கிய முதல் நாளே, வளைவுக்கு அந்தப் பக்கம் ஆளிறக்கிக்கொண்டிருக்கும் பேருந்து எனக்குத் தெரிந்துவிடும். அலைவரிசை கொடுக்க வேண்டியது டெல்லி. பேருந்து நம்முடையது. ஒரு மலைச்சாலையில், உதாரணமாக மேட்டுப்பாளையம்–ஊட்டி தடத்தில், பரீட்சித்துப் பார்ப்பதற்கு மாநில அரசு முதலில் எழுத வேண்டியது ஒரு கடிதம்தான்.