மாதிரி ரயிலுக்கும் அறிவியல் கூடத்தில் ஒரு மேசை வேண்டும்

கடந்த ஆண்டு எங்கள் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு என் தாத்தாவை அழைத்துச் சென்றிருந்தேன். ரயில்வேயில் 'கேங்' வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தைச் சரி பார்ப்பதும், சல்லியை இடித்து இறுக்குவதும், சிலிப்பர் கட்டைகளை மாற்றுவதுமே முப்பது ஆண்டுகளாக அவருடைய தொழில். அறிவியல் கழக மாணவர்கள் நான்கு மாதம் உழைத்து அமைத்திருந்த மாதிரி ரயில் மேசையை அவரிடம் காட்ட எனக்கு ஆசை.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையை ஒருமுறை சுற்றி வந்தார். ரயில் ஓடியது. ஆனால் அவர் ரயிலைப் பார்க்கவில்லை, தண்டவாளத்தைத்தான் பார்த்தார். பிறகு மெதுவாக, "இது நம்ம லைன் இல்லம்மா. அகலமா இருக்கு" என்றார்.

மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் வெர்னியர் கருவியை எடுத்து வந்து அளந்தேன். இரு கம்பிகளுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். நாங்கள் எடுத்துக்கொண்ட விகிதம் 1:87. அதாவது, உண்மைப் பொருளின் நீளத்தை 87-ஆல் வகுத்தால் மாதிரியின் நீளம் கிடைக்கும். 16.5-ஐ 87-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,435 மில்லிமீட்டர். அது ஐரோப்பாவில் பெரும்பாலான ரயில்கள் ஓடும் பாதையின் அகலம். நம் நாட்டில் கேடிஎம் ரயில் ஓடுவதோ 1,000 மில்லிமீட்டர் பாதையில். நாங்கள் சொன்ன விகிதத்தில் அது 11.5 மில்லிமீட்டராக இருந்திருக்க வேண்டும்.

தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்த அந்த 5 மில்லிமீட்டரை, ஆசிரியர் பயிற்சி முடித்த நானும் பதினான்கு மாணவர்களும் நான்கு மாதமாகக் காணவில்லை. கடையில் வாங்கிய தண்டவாளம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டோம். அளக்கவில்லை.

அன்றிலிருந்து சக ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும் ஒன்றைச் சொல்லி வருகிறேன். மாதிரி ரயில் அமைப்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்க வேண்டாம். அறிவியல் கூடத்தின் ஒரு மூலையில் அதற்கு ஒரு மேசை கொடுங்கள். அளந்து பார், சந்தேகப்படு, திருத்து என்று நாம் வாயால் சொல்லிக் கொடுப்பதை அந்த மேசை கையால் செய்ய வைக்கும்.

விகிதத்தை மாற்றினோம்

தவறு தெரிந்துவிட்டது. எப்படித் திருத்துவது? 12 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் விற்பனையில் உண்டு. ஆனால் அதில் ஓடும் ரயில்களின் விலை கழகத்தின் சக்திக்கு மீறியது. படிவம் மூன்று மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், தண்டவாளத்துக்கு ஏத்த மாதிரி விகிதத்தை மாத்தினா என்ன?"

'என்' வகை என்று அழைக்கப்படும் சிறிய தண்டவாளம் 9 மில்லிமீட்டர் அகலம் கொண்டது, எளிதாகக் கிடைப்பது. அந்த 9 மில்லிமீட்டரையே நம் ஒரு மீட்டர் பாதை என்று வைத்துக்கொண்டால் விகிதம் என்ன? 1,000-ஐ 9-ஆல் வகுத்தால் 111. கணக்குக்கு வசதியாக 1:110 என்று முடிவு செய்தோம். ஒரு மீட்டர் 9 மில்லிமீட்டராகும். 20 மீட்டர் ரயில் பெட்டி 18 சென்டிமீட்டராகும். மனிதர் ஒன்றரை சென்டிமீட்டர் உயரம் இருப்பார். கழற்றிய பழைய கட்டடங்களை ஒதுக்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடியும் கணக்குப் போட்டார்கள். விகிதமும் வீதமும் பாடத்தில் தூங்கிய பையன்கூட கால்குலேட்டரைக் கீழே வைக்கவில்லை.

எதை அமைப்பது என்பதில் குழப்பம் இல்லை. மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை போடப்பட்டது. 1885 ஜூன் 1-ஆம் தேதி திறக்கப்பட்டது. தைப்பிங் வட்டாரத்து ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டு போவதற்கான பாதை அது. நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இன்று கோல செப்பத்தாங் என்று அழைக்கப்படும் அந்த ஊரில் தண்டவாளம் இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஊரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பலகை எங்கள் மேசையில் இருந்தே ஆக வேண்டும் என்பது மாணவர்களின் ஒரே நிபந்தனை. 20 சென்டிமீட்டர் உயர எழுத்து எங்கள் விகிதத்தில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை எழுத ஒரு மாணவருக்கு மூன்று வாரம் பிடித்தது.

13 கிலோமீட்டரை 110-ஆல் வகுத்தால் 118 மீட்டர். எங்கள் மேசையோ 2.4 மீட்டர். ஆகவே எதை வைப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. இயற்பியலில் உராய்வைப் புறக்கணிக்கிறோம், காற்றின் தடையைப் புறக்கணிக்கிறோம் என்று சொல்கிறோமே, அதே தேர்வுதான் இது. என்ன வேறுபாடு என்றால், இங்கே எதை விட்டோம் என்பதற்கு மாணவரே காரணம் சொல்ல வேண்டும்.

எல்லாம் ஒன்றுபோல் சுருங்குவதில்லை

நீளம் 110 மடங்கு குறையும்போது பரப்பளவு 12,100 மடங்கு குறைகிறது; கன அளவு 1,331,000 மடங்கு குறைகிறது. 80 டன் எடையுள்ள இயந்திரத்தை அதே பொருளால், அதே அமைப்பில் இந்த விகிதத்துக்குச் சுருக்கினால் எடை வெறும் 60 கிராம். அவ்வளவு லேசான வண்டிக்குத் தண்டவாளத்தில் பிடிப்புக் குறைவு. ஏற்றத்தில் சக்கரம் சுழலும், வண்டி நகராது. அதனால்தான் மாதிரி இயந்திரங்களுக்குள் எடைக்கட்டி வைக்கிறார்கள். சிலவற்றின் சக்கரங்களில் ரப்பர் வளையமும் இடுகிறார்கள். உராய்வு என்றால் என்ன என்று கேட்டால் எங்கள் மாணவர்கள் இனி புத்தகத்தைத் தேட மாட்டார்கள்.

வேகத்தையும் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் ரயில் 1:110 விகிதத்தில் விநாடிக்கு 10 சென்டிமீட்டர்தான் நகர வேண்டும். பிள்ளைகள் கையில் கட்டுப்பாட்டுக் கருவி கிடைத்தால் விநாடிக்கு ஒரு மீட்டர் ஓட்டுவார்கள். அது உண்மை ரயிலுக்கு மணிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர்! ஜப்பானின் ஷிங்கான்சென் புல்லட் ரயிலைவிட வேகம். நிறுத்துக் கடிகாரத்தை வைத்து இதைக் கணக்கிட்ட அன்று, யாரும் சொல்லாமலேயே வேகத்தைக் குறைத்துவிட்டார்கள்.

நின்றுபோன ரயில் நடத்திய பாடம்

எங்கள் ரயில் மேசையின் ஒரு முனையில் நன்றாக ஓடும். மறுமுனையில் முனகிக்கொண்டு நிற்கும். மோட்டார் கெட்டுவிட்டது என்றார்கள். இயந்திரத்தைத் திருப்பி வைத்தார்கள். சக்கரத்தைத் துடைத்தார்கள். பலன் இல்லை. மல்டிமீட்டரைக் கொடுத்தேன். ரயிலை எடுத்துவிட்டு அளந்தபோது இரு முனைகளிலும் 12 வோல்ட். அப்படியானால் குறை எங்கே?

பதிலைச் சொல்ல என் நாக்கு துடித்தது. சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒருவன் ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்தான்: 9 வோல்ட். ரயில் இல்லாதபோது மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லாவிட்டால் மின்னழுத்த இழப்பும் இல்லை. ரயில் அரை ஆம்பியர் இழுக்கும்போது 3 வோல்ட் காணாமல் போகிறது என்றால், வழியில் 6 ஓம் தடை இருக்கிறது. தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சின்னத் தகடுகள் நம் நாட்டு ஈரக்காற்றில் மங்கிப் போயிருந்தன. ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக மின்கம்பியை ஈயத்தால் பற்றவைத்ததும் குறை தீர்ந்தது. ஓம் விதியை நான் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். அதைக் கையும் களவுமாகப் பிடித்தது அன்றுதான்.

அழுக்கும் ஒரு பாடம்

இந்தப் பொழுதுபோக்கின் உயிர் நுணுக்க வேலையில் இருக்கிறது. புது வண்ணம் பூசிய பெட்டி பொம்மை போலத் தெரியும். துருவும் தூசியும் சேர்ந்தால்தான் அது ரயில். ஏன் சல்லிக்கல் பழுப்பு நிறமாகிறது? சக்கரமும் பிரேக்கும் தேய்ந்து உதிரும் இரும்புத்தூள் ஆக்சைடாக மாறிப் படிவதும் ஒரு காரணம். ஏன் மேசையின் பின்பக்க மலைக்கு நீலம் கலந்த வெளிர் பச்சை பூசுகிறோம்? தொலைவில் உள்ளதைப் பார்க்கும்போது இடையில் உள்ள காற்று சிதறடிக்கும் ஒளியும் சேர்ந்தே கண்ணுக்கு வருகிறது. அந்த ஒளியில் நீலம் மிகுதி.

சல்லியை ஒட்டுவதற்குத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை விட்டால், அது முத்துப் போல உருண்டு கற்களையும் தூக்கிக்கொண்டு ஓடும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டுச் சேர்த்தால் பசை அமைதியாக உள்ளே இறங்கிவிடும். பரப்பு இழுவிசை குறைவதால் நடப்பது அது. இதற்கு வேறு சோதனை எதற்கு?

விலை, தேர்வு, ரோபோட்டிக்ஸ்

எதிர்ப்புகளையும் நான் அறிவேன். முதலாவது, செலவு. தொடக்க நிலை ரயில் தொகுப்புக்கே சில நூறு ரிங்கிட் ஆகும் என்பது உண்மை. ஆனால் ரயில் கடைசியாக வரலாம். அட்டைப்பெட்டி, பசை, சலித்த மண், தோட்டத்துக் காய்ந்த குச்சிகள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு நிலையத்தையும் அதன் முன்னே ஒரு முழம் தண்டவாளத்தையும் அமைத்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இரண்டாவது, "எஸ்.பி.எம். தேர்வுக்கு இது உதவுமா?" மதிப்பெண் கூடும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். மின்னோட்டம், உராய்வு, ஒளி, விகிதம் எல்லாம் பாடத்திட்டத்தில் இருப்பவைதான் என்று மட்டும் சொல்வேன்.

மூன்றாவது, ரோபோட்டிக்ஸ் இருக்கும்போது பழைய ரயில் எதற்கு என்ற கேள்வி. ரோபோட்டிக்ஸை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டிகளில் வரும் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி யாரோ முன்பே யோசித்து வைத்தவை. போர்ட் வெல்டு நிலையம் நம் வசதிக்காகக் கட்டப்பட்டதல்ல. அதை நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1946-இல் தொடங்கிய மாதிரி ரயில் மன்றத்தில், பழைய தொலைபேசி ரிலேக்களைக் கொண்டு ரயில்களைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்த மாணவர்கள்தான் பின்னர் அங்கிருந்த கணினிகளை நோக்கி நகர்ந்தார்கள். 1962-இல் உருவான 'ஸ்பேஸ்வார்' என்ற ஆரம்ப காலக் கணினி விளையாட்டு அந்த வட்டத்திலிருந்து வந்தது. 'ஹேக்கர்' என்ற சொல் கணினி உலகில் பரவியதும் அவர்களிடமிருந்துதான்.

"ஆண்பிள்ளைகள் விளையாட்டு" என்பாரும் உண்டு. விகிதத்தை மாற்றலாம் என்று சொன்னது யார் என்பதை மேலே படித்திருப்பீர்கள்.

காத்திருக்க நேரமில்லை

வடக்குப் பாதை மின்மய இரட்டைப் பாதையாக மாறியபோது பல பழைய சிறு நிலையங்கள் இடிக்கப்பட்டன. வேகமான ரயில் வேண்டும்தான். நானும் அதில்தான் கோலாலம்பூர் போகிறேன். ஆனால் அந்தப் பாதைகளில் வியர்வை சிந்திய தமிழ்த் தொழிலாளர்களின் நினைவில் இருக்கும் அளவுகளும் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. சிலிப்பர் கட்டைகளுக்கு இடையே எவ்வளவு தூரம், இயந்திரம் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை எங்கே விழும், சிக்னல் கம்பி எந்தப் பக்கம் போகும் என்பதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது எந்தப் புத்தகமும் அல்ல, என் தாத்தாதான். அவருக்கு வயது 84.

ஆகவே, வாசகர்களே, இந்தப் பள்ளி விடுமுறையில் இதைச் செய்து பாருங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பழைய ரயில்வேக்காரர் ஒருவர் இருந்தால், நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஊரில் ஒரு பழைய நிலையம் மிச்சம் இருந்தால், அனுமதி பெற்று, வெளிப்பக்கத்திலிருந்து சுவரையும் கதவையும் அளந்து எழுதுங்கள். அளக்க முடியாத உயரத்துக்குப் படம் எடுத்துச் செங்கல்லை எண்ணுங்கள். ஒரு செங்கல்லின் உயரம் தெரிந்தால் சுவரின் உயரம் தெரியும். எக்காரணத்தைக் கொண்டும் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். மேலே செல்லும் மின்கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். கிடைத்த அளவுகளை ஒரு விகிதத்தால் வகுத்து அட்டையை வெட்டத் தொடங்குங்கள்.

இந்த ஆண்டு தாத்தா மறுபடியும் எங்கள் மேசையைப் பார்க்க வந்தார். பாதை இப்போது சரியா என்று கேட்டோம். குனிந்து பார்த்துத் தலையாட்டினார். 9-ஐ 110-ஆல் பெருக்கினால் 990 மில்லிமீட்டர்; உண்மைப் பாதையைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவு என்று ஒரு மாணவன் நேர்மையாக ஒப்புக்கொண்டான்.

"ஒரு சென்டியா? எங்க மண்டோர் விட்டிருக்க மாட்டார்" என்றார் தாத்தா.