பெயரைத் தானே வைத்துக்கொண்டவள்

ஒரு பெண்ணுக்குத்தான் எத்தனை பெயர்கள்! பெற்றோர் ஒன்று வைக்கிறார்கள். பாட்டி செல்லமாக இன்னொன்று சொல்லிக் கூப்பிடுகிறாள். கல்யாணமாகிப் புக்ககம் போனால் அங்கே இன்னாருடைய சம்சாரம். குழந்தை பிறந்துவிட்டால் இன்னாருடைய அம்மா. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் பத்திரமாக இருக்கும். வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணின் பாடு இன்னும் மோசம். "வேலைக்காரி வந்தாச்சா?" என்ற கேள்வியிலேயே அவளுடைய பெயர், ஊர், வயது எல்லாம் அடங்கிவிடுகிறது.

தன் பெயரைத் தானே வைத்துக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றி இந்த வாரம் சொல்லப் போகிறேன். அவர் செய்த பாட்டு ஊர் ஊராகப் போயிற்று. ஆனால் பெயர் மட்டும் பின்தங்கிவிட்டது. அறுபது வயதுக்கு மேல்தான் இரண்டும் ஒன்று சேர்ந்தன.

அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தில் கார்பரோ என்று ஒரு சிற்றூர். அங்கே 1893-ம் ஆண்டு ஒரு கறுப்பினக் குடும்பத்தில் ஐந்தாவது குழந்தையாக அவள் பிறந்தாள். கடைக்குட்டி அல்லவா? வீட்டில் எல்லோரும் 'சின்னத் தங்கச்சி' என்ற பொருளில் ஒரு செல்லப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ஆசிரியர் பெயரைக் கேட்டபோது அந்தச் செல்லப் பெயரைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. எலிஸபெத் என்று சொல்லிவிட்டாள். அன்று முதல் அவள் எலிஸபெத்.

அண்ணனிடம் ஒரு பாஞ்சோ இருந்தது. கித்தாரைப் போலத் தந்திகள் கொண்டது. முகத்தில் தோல் போர்த்தியிருக்கும். அவன் வேலைக்குப் போனதும் தங்கை அதை எடுத்து வைத்துக்கொண்டு வாசிப்பாள். ஒருநாள் அண்ணன் வாத்தியத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டான். வித்தை விரலில் ஏறிவிட்டது, வாத்தியந்தான் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டு வேலைக்குப் போனாள். சம்பளம் மாதம் 75 சென்ட். கடையில் பார்த்து வைத்திருந்த கித்தாரின் விலை 3 டாலர் 75 சென்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்து மாதம் தேய்த்த பாத்திரமெல்லாம் சேர்ந்தால் ஒரு கித்தார்! வாங்கிவிட்டாள்.

அவள் இடது கைக்காரி. கித்தாரை வழக்கமாகப் பிடித்தால் தடித்த தந்திகள் மேலேயும் மெல்லிய தந்திகள் கீழேயும் இருக்கும். கட்டைவிரல் தடித்த தந்திகளில் தாளம் தவறாமல் அடித்துக்கொண்டே போக, மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் பாட்டை வாசிக்கும். எலிஸபெத் தந்திகளை மாற்றிக் கட்டவில்லை. வாத்தியத்தையே திருப்பிப் பிடித்துக்கொண்டாள். மேலே இருக்கவேண்டியது கீழே வந்தது. ஆகவே அவளிடம் கட்டைவிரல் பாட்டை வாசித்தது. ஆள்காட்டி விரல் தடித்த தந்தியைக் கவனித்துக்கொண்டது. தானே கண்டுபிடித்துக்கொண்ட வழி இது.

வீட்டுக்கு அருகே ரயில் போகும். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி, ஏறக்குறைய பன்னிரண்டு வயதில் ஒரு பாட்டுக் கட்டினாள். 'ஃபிரைட் ட்ரெயின்', அதாவது சரக்கு ரயில் என்று பெயர். குழந்தை பாடுகிற மாதிரி எளிய மெட்டு. ஆனால் பாடுகிற பெண் தன் சாவைப் பற்றியும், புதைக்கப்பட்ட பிறகும் ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும் என்ற ஆசையைப் பற்றியும் பாடுகிறாள்.

1910-ல், பதினேழு வயதில் கல்யாணம். எலிஸபெத் காட்டன் ஆனாள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. உலகியல் பாட்டெல்லாம் பாவம், விட்டுவிடு என்று மாதா கோயிலைச் சேர்ந்தவர்கள் புத்தி சொன்னார்கள். வீடு, குழந்தை, பிறர் வீட்டு வேலை என்று நாட்கள் ஓடின. முப்பது வருஷத்துக்கு மேல் அவர் தந்தியைத் தொட்டதே அபூர்வம்.

பிறகு வாஷிங்டன் நகரம், 1940-களின் பிற்பகுதி. லான்ஸ்பர்க் என்ற பெரிய கடையில் பொம்மைகள் விற்கும் பகுதியில் எலிஸபெத் வேலை பார்த்தார். ஒருநாள் கூட்டத்தில் ஒரு சிறுமி தாயைப் பிரிந்து தவித்தாள். அவளைச் சமாதானப்படுத்தித் தாயிடம் கொண்டுபோய் ஒப்படைத்தார். அந்தத் தாய், எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வர முடியுமா என்று கேட்டார். இவரும் போனார்.

சிறுமியின் பெயர் பெக்கி. தாய் ரூத் கிராஃபோர்டு சீகர். தாமே இசை அமைப்பவர். தகப்பனார் சார்லஸ் சீகர், சங்கீத ஆராய்ச்சியாளர். இந்த வீட்டில் நடந்த காரியம் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அப்போதுதான் வேடிக்கை புரியும்.

1933-ல் ஜான் லோமாக்ஸ் என்பவரும் அவருடைய மகன் ஆலனும் 315 பவுண்டு எடையுள்ள ஒலிப்பதிவு யந்திரத்தைக் காரின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு தென் மாகாணங்களில் சுற்றினார்கள். நகரத்து ஸ்டூடியோவுக்கு வர வழியில்லாத பாடகர்களை அவர்கள் இருக்கும் இடத்திலேயே பதிவு செய்வது நோக்கம். லூயிஸியானாவில் அங்கோலாச் சிறைச்சாலைக்கும் போனார்கள். லெட் பெல்லி என்று பின்னால் பிரசித்தி பெற்ற பாடகர் அங்கேதான் கைதியாக இருந்தார். இப்படிச் சேர்ந்த தட்டுக்கள் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்துக்கு வந்தன. அவற்றைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, ஒவ்வொரு வளைவும் குழைவும் தப்பாமல் ஸ்வரப்படுத்தி எழுதியவர்களில் முக்கியமானவர் இந்த ரூத் அம்மாள். 1941-ல் லோமாக்ஸ்கள் வெளியிட்ட பெரிய பாட்டுத் தொகுதிக்கு ஸ்வரம் எழுதியவர் அவர்தான். பிறகு குழந்தைகளுக்காகவும் நாட்டுப் பாட்டுக்களைத் தொகுத்துப் புத்தகம் போட்டார்.

இப்போது அந்த வீட்டை மனத்தில் நினைத்துப் பாருங்கள். ஓர் அறையில் எஜமானியம்மாள் எங்கோ ஒரு மூலையில் பாடப்பட்ட பாட்டுக்களை அக்கறையோடு எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த மாதிரிப் பாட்டுக்களிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் அதே வீட்டில் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்! ஒருவர் மற்றவரிடம் கேட்கவில்லை, மற்றவரும் சொல்லவில்லை. எஜமானியைக் குறை சொல்லிப் பயனில்லை. நம்மில் யார் கேட்டிருப்போம்?

சமையலறைச் சுவரில் ஒரு கித்தார் தொங்கிக்கொண்டிருந்தது. வேலைக்கு நடுவே யாரும் இல்லாத சமயம் பார்த்து எலிஸபெத் அதை எடுத்து வாசிப்பார். ஒருநாள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். சங்கீதம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் அல்லவா? கேட்டது என்ன என்று உடனே புரிந்துவிட்டது. பெக்கியும் அவளுடைய அண்ணன் மைக்கும் அவரிடமிருந்து பாட்டுக்களைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். கடைசித் தங்கை பென்னி மழலையில் வைத்த 'லிப்பா' என்ற பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது.

பெக்கி வளர்ந்து 1956-ல் இங்கிலாந்து போனாள். லிப்பாவிடம் கற்ற 'சரக்கு ரயில்' பாட்டை அங்கே பாடினாள். கேட்டவர்களில் இருவர் அதைத் தங்களுடைய பாட்டு என்று பதிவு செய்துகொண்டார்கள்! 1957-ல் சாஸ் மெக்டெவிட் குழுவினருடன் நான்சி விஸ்கி என்ற பாடகி அதைப் பாடிய இசைத்தட்டு இங்கிலாந்து முழுவதும் விற்றது. தட்டில் பலருடைய பெயர் இருந்தது. பன்னிரண்டு வயதில் அதைக் கட்டியவளின் பெயர் மட்டும் இல்லை. அந்த அம்மாள் வாஷிங்டனில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார்.

அந்த ஆண்டின் இறுதியில் மைக் சீகர் ஒரு நல்ல காரியம் செய்தார். அவருக்கு அப்போது 24 வயது. தூக்கிச் செல்லக்கூடிய டேப் ரிக்கார்டர் வந்துவிட்ட காலம். 315 பவுண்டு சுமக்கவேண்டியதில்லை. அதை எடுத்துக்கொண்டு எலிஸபெத்தின் வீட்டுக்கே போனார். 1958-ன் ஆரம்பம் வரை அவகாசம் கிடைத்தபோதெல்லாம் பதிவு நடந்தது. ஸ்டூடியோ இல்லை, ஒலி புகாத சுவர் இல்லை. எலிஸபெத் தம் படுக்கையறையில் உட்கார்ந்து வாசித்தார். பேரக் குழந்தைகள் சத்தம் போடாமல் சுற்றியிருந்து பார்த்தார்கள்.

அந்த ஒலிப்பதிவை இன்றைக்கும் கேட்கலாம். குரல் மெலிந்தது, அலங்காரம் எதுவும் கிடையாது. கித்தாரோ இரண்டு பேர் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், அறுபத்தைந்து வயது அம்மாளின் குரலில் ரயில் சத்தம் கேட்கிற சிறுமியும் இருக்கிறாள்.

1958-ல் 'ஃபோக்வேஸ்' நிறுவனம் அந்தப் பதிவை இசைத்தட்டாக வெளியிட்டது. உறையின் மேல் எலிஸபெத் காட்டன் என்று அச்சாகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் தானே சொல்லிய பெயர்! 'சரக்கு ரயி'லுக்கான உரிமைக்குச் சட்டப்படி வாதாடவேண்டியிருந்தது. சீகர் குடும்பத்தார் துணை நின்றார்கள். பாட்டை இயற்றியவர் என்ற உரிமை அவருக்கு வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கதையில் வருவது போலத்தான். 1960-ல், 67-ம் வயதில், ஸ்வார்த்மோர் கல்லூரியில் மைக்குடன் முதல் கச்சேரி. 1967-ல் இன்னோர் இசைத்தட்டு. அதன் தலைப்புப் பாட்டைப் பாடியது பேத்தி பெற்ற பன்னிரண்டு வயதுக் குழந்தை. 1984-ல் அமெரிக்க அரசின் தேசிய பாரம்பரியக் கலை விருது. 1985-ல், 92-ம் வயதில், கிராமி பரிசு. பாடிச் சம்பாதித்த பணத்தில் நியூயார்க் மாகாணத்தில் ஸிராக்யூஸ் நகரில் சொந்த வீடு வாங்கினார். 1987 ஜூன் 29-ல் அந்த நகரத்திலேயே காலமானார். கித்தாரைத் திருப்பிப் பிடித்துக் கட்டைவிரலால் பாட்டை வாசிக்கும் முறையைக் கற்பவர்கள் அதை 'காட்டன் பாணி' என்றே சொல்லுகிறார்கள். பெயர் விரலுக்கும் வந்துவிட்டது!

இந்தக் கதையைப் படித்துவிட்டுச் சந்தோஷப்படுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஒரு விஷயம் மனத்தை உறுத்துகிறது. கடையில் வழி தவறிய குழந்தை வேறு ஏதோ ஒரு வீட்டுக் குழந்தையாக இருந்திருந்தால்? சுவரில் கித்தார் இல்லாத வீடாக, கேட்டாலும் புரிந்துகொள்ளாத பிள்ளைகளாக இருந்திருந்தால்? எலிஸபெத்தின் விரல்களில் அதே வித்தை இருந்திருக்கும், நமக்குத்தான் தெரிந்திருக்காது. அவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் கிடைக்காத எத்தனை பேர் அதே வாஷிங்டனில் துணி துவைத்துவிட்டுப் போனார்களோ!

டேப் ரிக்கார்டருக்கு இப்போது கடைக்குப் போகவேண்டாம். இடுப்பில் செருகியிருக்கும் டெலிபோனிலேயே இருக்கிறது. பாட்டியின் தாலாட்டையோ, கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒருவர் முணுமுணுக்கும் பாட்டையோ பிடித்து வைக்க இரண்டு நிமிஷம் போதும். அவருடைய சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். செய்வதற்கு முன் இன்னொன்றையும் கேளுங்கள்: "உங்கள் பெயர் என்ன, அம்மா?"