வெப்ப அலையை அளக்க வெப்பமானி மட்டும் போதுமா?

மே மாத நண்பகலில் கனகம்மாசத்திரத்தில் பேருந்துக்காகக் காத்து நிற்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழும். கடல் இங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனாலும் சட்டை உடலோடு ஒட்டுகிறது. திருத்தணியில் 40 டிகிரியைக் கடந்தது என்று செய்தி வரும். வெப்ப அலை என்ற அறிவிப்போ பெரும்பாலும் வருவதில்லை.

காரணம், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறை. வெப்பநிலை சமவெளியில் 40, கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட வேண்டும். அத்துடன் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். 6.4 டிகிரிக்கு மேல் கூடினால் அது கடும் வெப்ப அலை. ஓர் உட்கோட்டத்தில் இரு நிலையங்களிலேனும் இரண்டு நாள் இந்நிலை தொடர்ந்தால், இரண்டாம் நாளில்தான் அறிவிப்பு.

கடலோரத்துக்கு 37 என்பது சலுகைபோலத் தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். இயல்பே 38 டிகிரியாக உள்ள நாளில் 42.5 வந்தாக வேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரி போன்ற நாள்கள் இவ்வரையறைக்குள் எளிதில் அடங்கும். அன்றாடப் புழுக்கம் அடங்காது.

காற்றின் ஈரப்பதம் இந்த அளவுகோலில் இல்லை என்பதே என் முதன்மையான குறை. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். வெப்பக் குறியீட்டின்படி, 41 டிகிரியில் ஈரப்பதம் 20 விழுக்காடாக இருந்தால் உடல் உணர்வதும் ஏறத்தாழ 41தான். 38 டிகிரியில் ஈரப்பதம் 50 விழுக்காடானால் அது ஏறத்தாழ 48 ஆகிவிடுகிறது. வெப்பமானியில் குறைவாகத் தெரியும் நாளே உடலுக்குக் கொடிய நாள். (பஞ்சாங்கத்தின் அக்னி நட்சத்திரமும் இதைக் கண்டுகொள்வதில்லை; அது தேதியை மட்டுமே பார்க்கிறது.)

இது வெறும் சொல் விவாதமன்று. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழந்தோர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் உண்டு. எது வெப்ப அலை என்பது இனி செங்கல்சூளைத் தொழிலாளியின் குடும்பத்துக்கும் வாழ்வாதாரக் கேள்வி.

திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டுக் கடலில் தொடங்கித் திருத்தணி மலை வரை நீள்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் கடலோரம், சமவெளி என இரண்டு அளவுகோல்கள். வானிலைத் துறை 2023 முதல் வெப்பக் குறியீட்டைச் சோதனை முறையில் வெளியிட்டு வருகிறது. அதை எச்சரிக்கையின் அடிப்படையாக்கி, இரவு வெப்பத்தையும் சேர்த்து, பள்ளி நேரத்தையும் வேலை நேரத்தையும் அதன்படி மாற்றும் முயற்சியை இம்மாவட்டத்திலேயே தொடங்கலாம்.