கண்ணைக் கட்டுது என்றால் என்ன?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்)

சென்ற ஆண்டு என் அம்மாச்சியைச் சேத்தூரிலிருந்து ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். "கண்ணைக் கட்டிக்கிட்டு வருது ஐயா" என்றார். மருத்துவர் வேற்று மாநிலத்தவர், பொறுமையானவர், தமிழும் ஓரளவு கற்றிருந்தார். 'கண்' என்ற சொல் மட்டும் அவருக்குப் புரிந்தது. கண் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்!

வரிசையில் அம்மாச்சிக்கு வியர்த்துக் கொட்டியது. தரை துடைத்துக் கொண்டிருந்த ஆயாம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஏம் பாட்டி, கஞ்சி குடிக்காம சக்கர மாத்திரையப் போட்டுட்டீகளா?" என்று கேட்டவர், ஓடிப்போய் நர்ஸை அழைத்து வந்தார். சோதித்ததில், இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள், அம்மாச்சி பிழைத்தார்.

அந்த மருத்துவரை நான் குறை கூறவில்லை. ஆனால் நோயாளியின் வாழ்வை அறிந்தவர்கள் சிகிச்சை அளிப்போரிடையே இல்லாவிடில் உயிரே போகும். 1890-களில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூவர் தத்தம் மனைவியரின் பிரசவத்திற்கு உதவி கேட்டு வந்தனர். ஐடா ஸ்கடரின் தந்தையார் மருத்துவர்தாம். ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்று திரும்பிவிட்டனர். மூன்று பெண்களும் இறந்தனர். அதன்பின் மருத்துவம் பயின்று 1900-இல் திரும்பிய ஐடா, 1918-இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கித் தமிழக அரசு சட்டம் இயற்றியது. "தகுதி என்னாவது?" என்று நண்பர் ஒருவர் என்னோடு வாதிட்டார். நீட் தேர்வில் அவர்களும் தேறியாக வேண்டும். இறுதித் தேர்வும் எல்லோர்க்கும் ஒன்றே. அதற்கு மேல், 'கண்ணைக் கட்டுது' என்பதை எந்தப் பாடநூலும் இல்லாமல் அறிந்து வருகிறார்களே, அது தகுதியில் சேராதா?

ஊர்க்காரராய் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வெள்ளைக் கோட்டு மாட்டியதும் ஊர்ப் பேச்சை மறப்பவர்களும் உண்டு! இருப்பவர்கள் வாய்திறக்கவும் இடம் வேண்டும். 2008-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல், கத்தி வைக்குமுன் குழுவிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்கிறது. ஒருமுறை பேசிவிட்டவர், தவறு கண்டால் மறுமுறையும் பேசுவார் அல்லவா?

நன்றி சொல்லப் போனபோது ஆயாம்மா மெல்லச் சொன்னார்: "நாம சொன்னாக் கேப்பாகளோ என்னமோன்னு பயந்துக்கிட்டேதான் தாயி சொன்னேன்."