"வந்தான் வரத்தான்" என்ற சொல் வகுப்பறைக்கு வேண்டாம்

 

எங்கள் ஆரம்பப் பிரிவுக்கு இரண்டு பக்கத்தாலும் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு பக்கம், புத்தளத்திலிருந்து சொந்த மண்ணுக்குத் திரும்பும் எங்கள் குடும்பங்களின் பிள்ளைகள். மறுபக்கம், தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்து பெற்றாரோடு ஊர் வந்த பிள்ளைகள். இரு பகுதியாருக்கும் தாய்மொழி தமிழ்தான். அதனால் இவர்களுக்கு ஒரு கஷ்டமும் இராது என்று நினைத்துவிடுகிறோம்.

சொல்வதெழுதல் கொப்பியைப் பாருங்கள். நாங்கள் "ரீச்சர்" என்று எழுதுகிறோம், பிள்ளை "டீச்சர்" என்று எழுதுகிறது. உடனே சிவப்புக் கோடு. முகாமிலிருந்து வந்த பிள்ளை "பள்ளிக்குப் போனேன்" என்றால் அது பாடசாலை. எங்கள் வீட்டுப் பிள்ளை அதையே சொன்னால் தொழுகைக்குப் போனதாக அர்த்தம். இரண்டும் பிழையில்லை. ஆனால் வகுப்பு சிரிக்கிறது, பிள்ளை வாய் திறப்பதை விட்டுவிடுகிறது. இரண்டு கிழமையில் நாங்களே "மெல்லக் கற்கும் பிள்ளை" என்று பெயரும் வைத்துவிடுகிறோம்.

அதே பிள்ளையிடம் இருப்பதை நாங்கள் பார்ப்பதில்லை. புத்தளத்தில் வளர்ந்த பல பிள்ளைகளுக்குக் கடையிலும் தெருவிலும் பழகிய சிங்களம் சரளமாக வரும். சிங்களப் பாடத்தில் அந்தப் பிள்ளையை முன்னுக்கு விட்டுப் பாருங்கள். ஒரே நாளில் வகுப்பின் பார்வை மாறும்.

இதைவிடப் பெரிய கவலை அனுமதி. "விடுகைப் பத்திரம் கொண்டு வாங்கோ", "தரம் 5இல் இடமில்லை" என்று பெற்றாரை அலைய விடுவதைக் கண்டிருக்கிறோம். உண்மைக் காரணம் சில இடங்களில் புலமைப்பரிசில் பெறுபேறு. இடையில் வரும் பிள்ளையால் சித்தி வீதம் குறைந்துவிடுமாம். 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது இந்த நாட்டின் சட்டம். பத்திரம் பிறகு வரட்டும், பிள்ளை இன்றைக்கே வகுப்பில் இருக்கட்டும்.

"புதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கப் போனால் எங்கட பிள்ளையின்ர நேரம் போகுது ரீச்சர்" என்று கேட்கும் பெற்றாரும் இருக்கிறார்கள். பரீட்சைப் பயம் எங்களுக்கும் விளங்குகிறது. ஆனால் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு கணக்கை விளங்கப்படுத்தும் பிள்ளை, அந்தக் கணக்கைப் பிறகு மறப்பதில்லை.

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை இவை. முதல் மாதம் புதுப் பிள்ளைக்கு ஒரு துணைப்பிள்ளை. தினமும் இருபது நிமிடம் தனி வாசிப்பு. உச்சரிப்பு வேறுபாட்டுக்குப் புள்ளி குறைக்காமல், இரண்டு சொல்லையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது. இஸ்லாம் பாட ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பிள்ளையைச் சமயப் பாட நேரத்தில் விறாந்தையில் இருத்தாமல், அயல் பாடசாலைகளோடு சேர்ந்து ஓர் ஆசிரியரைப் பகிர்ந்துகொள்ள வலயத்திடம் கேட்பது. பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில், தேவாலய நிர்வாகங்களும் பின்னேரத்தில் ஒரு மண்டபத்தைத் திறந்துவிட்டால், படித்த இளைஞர்கள் மிச்சத்தைப் பார்ப்பார்கள்.

1990 ஒக்டோபர் 30. இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டோம். புத்தளத்தில் கடன் வாங்கிய கட்டடங்களில், பின்னேர வகுப்புகளில் எங்கள் தலைமுறை படித்தது. "அகதிப் பிள்ளை" என்று கூப்பிட்டவர்களும் உண்டு. தங்கள் பிள்ளையின் கொப்பியைக் கிழித்து எங்களுக்குத் தாள் தந்தவர்களும் உண்டு. இன்றைக்கு எங்கள் நினைவில் நிற்பது அந்தத் தாள் தந்தவர்கள்தான்.

இப்போது கொப்பி எங்கள் கையில் இருக்கிறது. ராமேஸ்வரம் பக்கத்து முகாமிலிருந்து வந்த பிள்ளையானாலும் கற்பிட்டியிலிருந்து வந்த பிள்ளையானாலும், முதல் நாள் வாசலில் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். அடுத்த பெற்றார் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும். உம்மாமாரும் அம்மாமாரும் கட்டாயம் வாருங்கள்.