உப்பு நமது, ஆலை யாருடையது?

புதுத்தேர் செய்த ஊரார் அதனைத் திருவிழா நாளன்றே முதன்முதலாகத் தெருவில் இறக்குவதில்லை. முன்னதாக ஒருநாள் வெறுந்தேரை இழுத்துப் பார்ப்பர். அச்சு எங்கே உரசுகிறது, எந்தத் திருப்பத்தில் முட்டுக்கட்டை போதவில்லை, வடம் எத்தனை ஆளைக் கேட்கிறது என்பனவெல்லாம் அன்று வெளிப்படும். இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர்.

தொழிலுலகிலும் இத்தகைய நடுப்படி ஒன்றுண்டு. ஆய்வகத்தில் ஒரு பொருளைச் செய்து காட்டுவது முதற்படி. ஆலையில் அதனை நூறாயிரக் கணக்கில் செய்து குவிப்பது கடைசிப்படி. இவ்விரண்டிற்கும் இடையே, அளவிற் சிறிதாயினும் ஆலையின் எந்திரங்களையே கொண்டு ஓட்டிப் பார்க்கும் களத்தை வெள்ளோட்ட ஆலை என்கிறேன். கடைத்தெருவில் பேட்டரி என்று வழங்கும் மின்கலங்களில் இப்போது தோன்றிவரும் புதுவகைகளுக்கென அத்தகைய ஆலையொன்று, தமிழக அரசின் உடைமையாக, தமிழ்மண்ணில் அமைய வேண்டும். தமிழாசிரியனுக்கு மின்கலத்தோடு என்ன உறவு என வினவுவார்க்கு விடை பின்னே வரும்.

நடுப்படி இல்லாத நாட்டிற்கு என்ன நேரும் என்பதை இங்கிலாந்து காட்டுகிறது. 1980-இல் ஆக்சுபோர்டில் சான் குடினப் குழுவினர், இலித்தியமும் கோபால்ட்டும் உயிரியமும் சேர்ந்த சேர்மத்தை மின்கலத்தின் நேர்மின்வாயாக்கலாம் எனக் கண்டனர். இன்றைய கைப்பேசிக் கலத்தின் வித்து அதுவே. அப்பல்கலைக்கழகமோ அதற்குக் காப்புரிமை பெறவும் முன்வரவில்லை. சப்பானியரான அகிரா யோசினோ 1985-இல் அதனைக் கரியாலான எதிர்மின்வாயோடு இணைத்து முழுக்கலமாக்கினார். 1991-இல் சோனி நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வித்து ஓரிடம், விளைச்சல் வேறிடம்! நாற்பதாண்டுகள் கழித்து, 2021 சூலைத் திங்களில், கோவென்றி நகரில் 13 கோடிப் பவுன் செலவில் பொது வெள்ளோட்ட ஆலையொன்றை ஆங்கிலேயர் திறந்தனர். புதுக்கலம் கண்டவர் அங்குள்ள எந்திர வரிசையில் தம் கலத்தை ஓட்டிப் பார்க்கலாம். கண்கெட்ட பின்னே கதிரவன் வழிபாடு என்று நாம் நகைக்கலாம். ஆனால் நகைக்கும் தகுதி நமக்குண்டா?

காரைக்குடியை எண்ணிப் பாருங்கள். வள்ளல் அழகப்பர் 300 குறுக்கம் நிலமும் 15 இலக்கம் உருபாவும் ஈந்ததனால் 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953-இல் திறக்கப்பெற்றது, 'சிக்ரி' என மக்கள் வழங்கும் நடுவண் மின்வேதியியல் ஆய்வகம். நிலம் தமிழனுடையது, பணம் தமிழனுடையது, ஆள்வது தில்லி. எழுபதாண்டுகட்கு மேலாக மின்வேதியியல் ஒன்றையே தொழிலாகக் கொண்ட ஆய்வகம் அது. இலித்திய மின்கல மாதிரிகளைச் செய்து காட்டும் கூடமொன்றைச் சென்னையில் அமைத்துள்ளது. 2018-இல் அந்நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றிற்குக் கைமாற்ற ஒப்பந்தமும் ஆயிற்று. பொதுப்பணத்தில் கண்ட நுட்பம் தனியார் கைக்குப் போவது மட்டுமே நமக்குத் தெரிந்த வழியாக இருக்கிறது.

ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தென்கோடித் தமிழகத்தில் அமரபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரையில் பயின்று, சென்னையில் முனைவர் பட்டம் பெற்று, மதுரைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர் பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம். 1980-களில் அவர் குடினப்போடு சேர்ந்து செய்த ஆய்வு, விலை மிகுந்த கோபால்ட்டை விடுத்து இரும்பைக்கொண்டு நேர்மின்வாய் அமைக்கும் வழிக்கு அடிகோலியது. குடினப் தம் 97-ஆம் அகவையில், 2019-இல், நோபல் பரிசு பெற்றபோது அவர் சார்பில் இசுடாக்கோமில் நோபல் உரையாற்றியவர் இத்தமிழரே. ஆயின் அவர் ஆய்வுக்களம் அமெரிக்காவின் தெக்சாசு. இரும்புவகைக் கலங்களின் பெரும்பகுதியோ இன்று சீனத்தில் செய்யப்படுகிறது. அறிஞன் ஒருவன் அயல்நாடு சென்றான் என்று வருந்துவதில் பொருளில்லை. அவன் கண்டதைச் செய்து பார்க்கும் களம் இங்கே ஏன் இல்லை என்பதே வினா.

அக்களத்தில் நடப்பதென்ன? ஆய்வகத்தில் செய்யும் கலம் சட்டைப் பொத்தான் அளவினது; ஒருவர் கையால் செய்துவிடலாம். ஆலையிலோ மின்வாய்ப் பொடியைப் பசையோடும் கரைப்பானோடும் பெருங்கலத்தில் கலக்கிக் கூழாக்க வேண்டும். பதம் சற்றுத் தவறினும் கட்டி தட்டும். கூழை முடியளவு தடிப்பில், கிலோமீட்டர் கணக்கான தகட்டுச் சுருளின்மேல் ஒரே சீராகப் பூசி, உலர்த்தி, உருளைகளுக்கிடையே அழுத்தி, நறுக்கி, அடுக்கி, மின்பகுளி ஊற்றி மூட வேண்டும். இலித்தியக் கலத்தின் மின்பகுளியில் ஈரம் பட்டால் அரிக்கும் காடி உண்டாகும். ஆதலின் கலம் மூடும் அறையின் காற்றில் ஈரப்பதம் நூற்றில் ஒரு பங்கிற்கும் கீழே நிற்க வேண்டும். நம் கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் எழுபதுக்கு மேல்! அவ்வறையை நம் கோடையிலும் கார்ப்பருவத்திலும் எப்படிக் காப்பது, அதற்கு மின்செலவு எவ்வளவு என்பதைக் கோவென்றியிலிருந்து கற்க முடியாது. இங்கே ஓட்டித்தான் அறிய வேண்டும்.

மூடியதோடு வேலை முடிவதுமில்லை. முதன்முறை மின்னேற்றுவதை மிக மெல்லச் செய்து, நாட்கணக்கில் வைத்திருந்து, தேறாத கலங்களைக் கழிக்க வேண்டும். அந்த முதல் ஏற்றத்தின்போதுதான் எதிர்மின்வாயின்மேல் மெல்லிய காப்புப் படலம் படிகிறது. அது செவ்வையாகப் படிந்தால் கலம் நெடுநாள் உழைக்கும். நம் பெண்டிர் புதுத் தோசைக்கல்லைப் பழக்குவது போன்றது இது.

எந்தக் கலத்தை எடுத்துக்கொள்வது? சோடியக் கலத்தை என்பேன். இலித்தியம் நம்மிடமில்லை. சோடியமோ உப்பில் இருக்கிறது. இந்திய நாட்டின் உப்பு விளைச்சலில் முதலிடம் குசராத்திற்கு, இரண்டாமிடம் நமக்கு. அவ்வுப்பிலிருந்து சோடாச் சாம்பல் எடுக்கும் தொழிலும் தூத்துக்குடியில் பழையதே. எதிர்மின்வாய்க்கு வேண்டும் கடுங்கரியைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து ஆக்கலாம். காங்கேயம் பக்கத்தில் சிரட்டைக் கரி ஏற்றுமதித் தொழிலாகவே நடக்கிறது. இலித்தியக் கலத்தின் எதிர்மின்வாய்க்குச் செப்புத் தகடு வேண்டும்; சோடியக் கலத்திற்கு இருபுறமும் அலுமினியமே போதும். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: ஒரே எடைக்கு இலித்தியம் கொள்ளும் ஆற்றலைச் சோடியம் கொள்வதில்லை. நெடுந்தொலைவு ஓடும் மகிழுந்துக்கு அது பொருந்தாமற் போகலாம். ஆனால் நிலத்தில் நிற்கும் சேமக்கலத்திற்கு எடை ஒரு பொருட்டன்று. ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை வீசி அடங்குகிறது. 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகளை நிறுத்தி வைத்திருக்கும் நாட்டிற்குத்தான், நள்ளிரவில் வீசும் காற்றின் மின்னை மறுநாள் மாலைக்குச் சேர்த்து வைக்கும் கலம் தலையாய தேவை.

இங்கும் நாம் பிந்தியே நிற்கிறோம். சோடியக் கலத்தை வளர்த்த செபீல்டு நகரப் பாரடியான் நிறுவனத்தை 2022 தொடக்கத்தில் பத்துக் கோடிப் பவுன் மதிப்பில் வாங்கியது இரிலையன்சு; அந்நிறுவனம் மின்கல ஆலைக்குத் தேர்ந்த இடம் குசராத்தின் சாம்நகர். கோவென்றி ஆலை இருந்தும் ஆங்கிலேயர் அந்நிறுவனத்தை விற்கக் கொடுத்தனர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். களம் மட்டும் போதாது; அங்கே பிறக்கும் நுட்பத்தின் உரிமை யாரிடம் இருக்கும் என்பதை முதல்நாளே எழுதி வைக்க வேண்டும்.

நடுவணரசு 2021 மே திங்களில் மின்கல ஆக்கத்திற்கென 18,100 கோடி உருபா ஊக்கத்தொகையை அறிவித்தது. 50 கிகாவாட்மணி அளவிற்கு ஆலைகள் எழ வேண்டும் என்பது குறிக்கோள். ஆனால் ஊக்கத்தொகை கேட்பவன் குறைந்தது ஐந்து கிகாவாட்மணி ஆலை வைக்க வேண்டும் என்றனர். ஆயிரம் கோடிக்கு மேல் முதலுடையவனே அதன் வாயிலை அணுக முடியும். காரைக்குடியில் படித்துவிட்டுப் புதுக்கலம் ஒன்றைக் கருதிய இளைஞன் எங்கே போவான்? பெருமுதலாளிக்குத் திருவிழாச் செலவு கொடுக்கும் அரசு, வெள்ளோட்டத்திற்குக் கொடுக்க மனங்கொள்ளவில்லை.

எனவே இதனை மாநில அரசே எடுத்துச் செய்ய வேண்டும். இடம் காரைக்குடியாக இருக்கட்டும். ஆய்வகம் அருகிலேயே உள்ளது, கடலீரமும் சற்றுக் குறைவு. தூத்துக்குடி என்பாரும் உளர். நச்சாலையை எதிர்த்து 2018 மே திங்களில் 13 உயிர்களைச் சுடுதலுக்குப் பறிகொடுத்த ஊர் அது. அம்மக்களைக் கேளாமல் அங்கே இன்னொரு வேதியாலையைப் பற்றிப் பேசுவதற்கே நமக்கு உரிமையில்லை. எங்கே அமைந்தாலும் கரைப்பான் எங்கே போகிறது, கழித்த கலம் எங்கே போகிறது என்ற கணக்கைத் திங்கள்தோறும் ஊர்மன்றத்தில் தமிழில் படிக்க வேண்டும்.

இனி, தமிழாசிரியனுக்குரிய செய்தி. தமிழில் தொழிற்சொல் இல்லை என்று நாற்பதாண்டுகளாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தது. தொழிலே இல்லாத இடத்தில் தொழிற்சொல் எப்படி நிலைக்கும்? உழவு இருந்தது, நுகமும் மேழியும் கொழுவும் இருந்தன. தறி இருந்தது, பாவும் ஊடையும் இருந்தன. அகரமுதலியில் நாம் இட்ட சொற்கள் பல அங்கேயே உறங்குவதற்குக் கரணியம், அவற்றை உரக்கக் கூவிக் கேட்கும் தொழிலாளி இல்லாமையே. மேலே கூழ் என்றேன், பூச்சு என்றேன், பழக்குதல் என்றேன்; எந்த வாசகராவது பொருள் விளங்காமல் நின்றாரா? பிறர் நாட்டில் முடிந்த ஆலையைப் பெட்டியில் வாங்கிவந்து பொருத்தினால் எந்திரத்தோடு சொல்லும் ஒட்டிக்கொண்டே வரும். நாமே தடவித் தடவி ஓட்டிப் பார்க்கும் ஆலையிலோ சொல் நம் வாயிலேயே பிறக்கும்.

ஆகவே அவ்வாலையின் செய்முறை ஏடு, காப்பு விதிகள், பயிற்சித் தேர்வு ஆகிய யாவும் முதற்கண் தமிழில் எழுதப்பெற வேண்டும் என்பதை அரசாணையிலேயே சேர்க்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த பிள்ளை ஆங்கிலம் அறியாமையால் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படலாகாது. ஏடு எழுதும் குழுவில் வேதியியலாரோடு தமிழாசிரியர் இருவரையும் உட்கார வையுங்கள். ஊதியம் வேண்டா, எந்திரத்தின் அருகில் நின்று தொழிலாளர் பேசுவதைக் கேட்க ஒப்புதல் கொடுத்தால் போதும்.