நேர்மைக்குச் சான்று தருபவர் யார்?

கோவிலம்பாக்கத்தில் நான் குடியிருக்கும் தெருவிலிருந்து மேடவாக்கம் பிரதான சாலைக்கு வந்தால், மெட்ரோ ரயிலுக்கான தூண்களைக் காணலாம். மாதவரத்தையும் சோழிங்கநல்லூரையும் இணைக்கும் ஐந்தாவது வழித்தடம் இது. 118.9 கி.மீ. நீளமும் ரூ.63,246 கோடி மதிப்பீடும் கொண்ட இரண்டாம் கட்டத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. இந்தத் தூண்களைக் கடந்து மாநகரப் பேருந்தில் வீடு திரும்பும் ஒருவர், மின்வாரியத்துக்குக் கட்டணம் செலுத்துகிறார். இந்தியன் ஆயில் நிறுவனத்தின் எரிவாயுவில் சமைக்கிறார். பலருக்குச் சேமிப்புக் கணக்கு இந்தியன் வங்கியில். இவை அனைத்தும் முழுமையாகவோ பெரும்பான்மையாகவோ அரசுக்குச் சொந்தமானவை.

துறை அமைச்சரின் பெயர் நமக்குத் தெரியும். மின்கம்பத்தில் ஏறும் ஊழியரின் முகமும் தெரியும். இவ்விருவருக்கும் நடுவே இயக்குநர் குழு என்ற ஒன்று சட்டப்படி இருக்கிறது. ஒப்பந்தங்களுக்கும் கடன்களுக்கும் கணக்குகளுக்கும் ஒப்புதல் தருவது அதுதான். அதில் அமர்ந்திருப்பவர்கள் யார் என்று கேட்டால், படித்தவர்களிலும் பெரும்பாலோருக்கு விடை தெரியாது.

முறைகேடு ஒன்று வெளிவரும்போது தனிமனிதர் ஒருவரின் ஒழுக்கம் பேசுபொருளாகிறது. அதன்பின் நன்னடத்தை நெறிகள் அச்சிடப்படுகின்றன. மத்திய பொதுத்துறை நிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறைகள் 2010 மே மாதத்தில் கட்டாயமாக்கப்பட்டன. அதன்படி இயக்குநர்களும் உயர் அதிகாரிகளும் நடத்தை நெறிகளைக் கடைப்பிடிப்பதாக ஆண்டுதோறும் உறுதியளிக்கிறார்கள். கையெழுத்திடுவதில் தவறில்லை. ஆனால், மேலாண்மை இயக்குநரிடம் 'இது கூடாது' என்று சொல்லிவிட்டு, எதையும் இழக்காமல் அடுத்த கூட்டத்துக்கு வரக்கூடிய ஒருவராவது அந்த மேசையைச் சுற்றி இருக்கிறாரா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியின் வரலாறு இதற்கு நெருங்கிய சான்று. 1907இல் தொடங்கப்பட்டு, 1969இல் நாட்டுடைமையாக்கப்பட்ட அந்த வங்கி, 1995-96ஆம் நிதியாண்டில் ரூ.1,336 கோடி நட்டம் காட்டியது. போதிய ஈடின்றி வழங்கப்பட்ட பெருங்கடன்கள் அதற்கு முக்கியக் காரணம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் தலைவராக இருந்த எம்.கோபாலகிருஷ்ணன் மீது மத்திய புலனாய்வுத் துறை அடுத்தடுத்து வழக்குகள் தொடுத்தது. சில வழக்குகளில் சிறப்பு நீதிமன்றம் தண்டனையும் விதித்தது. மக்கள் நினைவில் நிற்பது அந்த ஒரு பெயர்தான். நாட்டுடைமை வங்கிகளின் இயக்குநர் குழுவில் மத்திய அரசின் பிரதிநிதியும் ரிசர்வ் வங்கியின் பிரதிநிதியும் இருக்க வேண்டும் என்பது அன்றைக்கும் சட்டம். ஊழியர்களுக்கும் அதிகாரிகளுக்கும்கூட இடமுண்டு. ஆக, கண்காணிக்க ஆள் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆள்கள் இருந்தும் கடன்கள் போயின.

அந்த மௌனத்தின் விலையைக் கொடுத்தது அரசுக் கருவூலம். வங்கியைத் தூக்கி நிறுத்த ஆயிரக்கணக்கான கோடி ரூபாயைப் பல தவணைகளில் மூலதனமாகச் செலுத்த வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டில் ரஞ்சனா குமார் தலைமைப் பொறுப்பேற்றார். 2001-02இல் வங்கி மீண்டும் இலாபம் கண்டது. இந்த மீட்சியைத் தனி ஒருவரின் சாதனையாகக் கொண்டாடுவது வழக்கம். அவருடைய திறமையைக் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், எட்ட வேண்டிய இலக்குகள் முன்கூட்டியே எழுதப்பட்டன; அரசும் ரிசர்வ் வங்கியும் அவற்றைத் தொடர்ந்து சரிபார்த்தன. முன்பு இல்லாதது இந்தக் கேள்வி கேட்கும் ஏற்பாடுதான் என்பது என் கணிப்பு.

கேள்வி கேட்காமல் இருப்பது எவ்வளவு எளிது என்பதை நானே அறிவேன். பணியில் இருந்தபோது, சிறிய அரசு நிறுவனம் ஒன்றின் இயக்குநர் குழுவில் வல்லுநர் என்ற பெயரில் சில காலம் இருந்தேன். நிகழ்ச்சி நிரலில் நாற்பதுக்கு மேற்பட்ட பொருள்கள். கூட்டம் ஒன்றரை மணி நேரம். மிகப் பெரிய கொள்முதல் குறித்த தாள்கள் முன்கூட்டி வரவில்லை; கூட்டம் தொடங்கிய பிறகுதான் மேசையில் வைக்கப்பட்டன. சுற்றிலும் அமர்ந்திருந்த அதிகாரிகள், தலைமை வகித்தவருக்குப் பணியில் இளையவர்கள். நான் வாய் திறக்கவில்லை. பின்னர் வந்த கூட்டக் குறிப்பில் 'விரிவாக விவாதித்து ஏற்கப்பட்டது' என்றிருந்தது. எந்த விவாதமும் நடக்கவில்லை என்று தெரிந்தும் நானும் ஏற்றுக் கையெழுத்திட்டேன்.

சரி, வெளியிலிருந்து சார்பற்ற இயக்குநர்களைக் கொண்டுவரலாமே என்பார்கள். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 149ஆவது பிரிவு அதற்குத்தான் வந்தது. சார்பற்ற இயக்குநர் 'நேர்மையாளர்' என்று இயக்குநர் குழு கருத வேண்டும் என்கிறது அது. ஆனால், 2015 ஜூன் 5 அன்று வெளியான அறிவிக்கை, அரசு நிறுவனங்களைப் பொறுத்தவரை 'இயக்குநர் குழு' என்ற சொல்லை நீக்கிவிட்டு, அந்நிறுவனத்தை நிர்வகிக்கும் அமைச்சகம் அல்லது மாநில அரசு என்று மாற்றிவிட்டது. எந்த அமைச்சகத்தின் தலையீட்டைத் தட்டிக்கேட்க வேண்டுமோ, அதே அமைச்சகம் தட்டிக்கேட்பவரின் நேர்மைக்குச் சான்று தருகிறது. கட்சிச் சார்பு ஒரு தகுதிக்குறைவு என்று சட்டம் சொல்லவுமில்லை. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் ஆளுங்கட்சியைச் சேர்ந்த பலர் சார்பற்ற இயக்குநர்களாக அமர்ந்திருப்பதை 2021இல் ஓர் ஆங்கில நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. வேறு கட்சிகள் ஆண்ட காலத்தில் மட்டும் இது நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்த நியமனங்கள்கூடக் காலத்தில் நடப்பதில்லை. இந்தியன் ஆயில், ஓஎன்ஜிசி, கெயில் போன்ற பெரும் நிறுவனங்களுக்கு, போதிய எண்ணிக்கையில் சார்பற்ற இயக்குநர்கள் இல்லாததற்காகப் பங்குச் சந்தைகள் காலாண்டுக்குக் காலாண்டு அபராதம் விதித்துள்ளன. நாளொன்றுக்கு ரூ.5,000, வரியுடன் சேர்த்துக் காலாண்டுக்கு ஐந்தரை இலட்சத்தைக்கூடத் தொடாத தொகை. நியமிக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லை, அரசிடம் இருக்கிறது என்பது நிறுவனங்களின் பதில். அது உண்மைதான். நியமிக்கத் தவறியவர் ஒருவர், அபராதம் கட்டுபவர் வேறொருவர்!

பங்குச் சந்தையில் இல்லாத மாநில நிறுவனங்களுக்கு இந்தச் சிறு அபராதமும் கிடையாது. அங்கே இயக்குநர்களில் பெரும்பாலோர் பதவி வழி உறுப்பினர்கள். நிதித்துறை அதிகாரி ஒருவரே பல நிறுவனங்களின் குழுக்களில் இடம்பெறுகிறார். ஓரிரு ஆண்டுகளில் வேறு துறைக்கு மாறிவிடுகிறார். சிஏஜி அறிக்கை பேரவையில் வைக்கப்படும்போது, அந்த முடிவை எடுத்தவர்களில் ஒருவரும் அங்கே இருப்பதில்லை.

மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்குத் தன் நிறுவனங்களை வழிநடத்த உரிமை இல்லையா என்ற கேள்வி நியாயமானது. உரிமை உண்டு. மாநகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பது அரசின் கொள்கை முடிவு. அதை மறுப்பது இயக்குநர் குழுவின் வேலையன்று. அதனால் ஏற்படும் வருவாய் இழப்பை அரசு எழுத்துமூலம் ஏற்று, ஈடு செய்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. தொலைபேசியில் வரும் கட்டளை வேறு, ஆணையாக எழுதி வரும் கட்டளை வேறு. நேர்மைக்கும் தவறுக்கும் இடையிலான கோடு பெரும்பாலும் அங்கேதான் ஓடுகிறது.

இங்கிருந்து தெற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் உத்திரமேரூர். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி.921இல் அங்கே வெட்டப்பட்ட கல்வெட்டைக் குடவோலைத் தேர்தலுக்காக மேற்கோள் காட்டாத மேடையில்லை. அது ஒரு பிரம்மதேய ஊரின் சபை. நிலமும் மனையும் கல்வியும் உடையவர்களுக்கே இடம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால், அதில் உள்ள ஒரு விதி என்னை எப்போதும் நிறுத்திவிடும்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரக்கூடாது. நம் நிறுவனங்கள் சட்டத்தின் 164(2) பிரிவும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் கணக்கறிக்கை தாக்கல் செய்யாத நிறுவனத்தின் இயக்குநர், ஐந்து ஆண்டுகளுக்கு இயக்குநராக நியமிக்கப்படும் தகுதியை இழக்கிறார். நான் முன்பு சொன்ன அதே 2015 அறிவிக்கை, இந்தப் பிரிவு அரசு நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று விலக்கு அளித்தது; கணக்கறிக்கை தாக்கல் செய்யத் தவறிய நிறுவனங்களுக்கு அந்த விலக்கு இல்லை என்று 2017இல்தான் திருத்தப்பட்டது. கணக்கு நிலுவை வைத்துள்ள மாநில நிறுவனங்களைப் பற்றிச் சிஏஜி அறிக்கைகள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன.

எஞ்சியுள்ள விலக்கையும் மத்திய அரசு திரும்பப் பெற வேண்டும். அதற்காகத் தமிழ்நாடு காத்திருக்கத் தேவையில்லை. தனக்குச் சொந்தமான நிறுவனங்களுக்கு ஓர் அரசாணை போதும். ஒவ்வொரு இயக்குநரும் எத்தனை கூட்டங்களுக்கு வந்தார், எந்த முடிவுக்கு மாற்றுக் கருத்துப் பதிவு செய்தார் என்பதை ஆண்டறிக்கையில் வெளியிடலாம். ஏழு நாள்களுக்கு முன் தாள்கள் அனுப்பப்படாத கொள்முதல் எதையும் மேசையில் வைத்து நிறைவேற்றக் கூடாது என விதிக்கலாம். முறைகேடு குறித்து ஊழியர் தரும் புகார், மேலாண்மை இயக்குநரின் அறைக்குப் போகாமல், அரசு அதிகாரி அல்லாத ஒருவர் தலைமை வகிக்கும் தணிக்கைக் குழுவுக்கு நேரடியாகப் போகட்டும். நான் கையெழுத்திட்ட அந்தக் கூட்டக் குறிப்பு பொதுவெளிக்கு வரும் என்று அன்று தெரிந்திருந்தால், குறைந்தபட்சம் அந்தக் கொள்முதலை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கும்படியாவது கேட்டிருப்பேன்.